முதுசமும் தேட்டமும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவர் உடைமையை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்துப் பேசுகின்றது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை எழுத்திற் பதிவித்தபோதே இவ்வேற்றுமை வழக்கில் வேரூன்றியிருந்தது. முன்னோர் வழி வந்தது வேறு. முயன்று ஈட்டியது வேறு. இக்காலத்து வரிச் சட்டமோ தேட்டத்தையே இறுகப் பிடிக்கின்றது. சம்பளத்தின் மீது வருமான வரி நூற்றுக்கு 36 வரை ஏறுகின்றது. 2024 தை மாதந்தொட்டுப் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. கூலிக்காரர் வீட்டுச் சவர்க்காரமும் அதற்குத் தப்பவில்லை. பல கோடி முதுசம் பெறுபவரிடம் இறப்பு வரி என ஒன்றும் கேட்பாரில்லை.

என்றும் இவ்வாறிருந்ததன்று. இறப்பு வரி ஆங்கிலேயர் காலத்திலேயே இங்கு வந்தது. பொருளியலறிஞர் கால்டோரின் ஆலோசனைப்படி 1959இல் செல்வ வரியும் நன்கொடை வரியும் சேர்ந்தன. பின்னர், 1980களில், இறப்பு வரி நீக்கப்பட்டது. இந்தியாவும் தனது இறப்பு வரியை 1985இற் கைவிட்டது. வசூல் சிறிது, வழக்குப் பெரிது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம்.

வரி எதற்கு, பறித்துப் பங்கிடலாமே என்பர் மாணவர் சிலர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என வரம்பிட்டது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் எடுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தோர்க்கு அவை பங்கிடப்பட்டனவா? இல்லை. கம்பனியின் இடத்தில் அரச கூட்டுத்தாபனம் வந்தமர்ந்தது, அவ்வளவே. ஆதலின் யாம் வரியின் பக்கமே நிற்கின்றோம்.

நிற்க. இறப்பின்போது மட்டும் வாங்கும் வரி நம்மவரிடம் பெரிதும் செல்லாது. நம் செல்வம் சுடலைக்குப் போகுமுன், மணவறையிலேயே கைமாறிவிடுகின்றது. வீட்டையும் வளவையும் சீதன உறுதியில் எழுதிக் கொடுத்த தந்தை இறக்கும்போது எஞ்சுவது வெற்றிலைத் தட்டந்தான்! ஆகவே கொடுத்தவரை விட்டுப் பெற்றவரைக் கணக்கெடுத்தல் வேண்டும். அயர்லாந்து 1976 முதல் நன்கொடைக்கும் முதுசத்துக்கும் பெற்றவரிடமே வரி வாங்குகின்றது. இங்கும் ஒருவர் வாழ்நாளிற் பெற்ற சீதனம், நன்கொடை, முதுசம் அனைத்தையும் கூட்டி, உயர்ந்ததொரு வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி விதிக்கலாம்.

அவ்வரம்பு உண்மையாகவே உயர்ந்ததாயிருத்தல் வேண்டும். போரில் இடம்பெயர்ந்து, மீண்டு வந்து, இரண்டு பரப்புக் காணியில் இடிந்த வீட்டை மறுபடி கட்டிய குடும்பத்தை அது தீண்டலாகாது. காணியிருந்தும் கையிற் காசில்லாதோர்க்குத் தவணையும் வேண்டும். இன்றேல் வரி கட்டுதற்கே வளவை விற்க நேரும். உறுதியிற் காணியின் பெறுமதியைக் குறைத்தெழுதும் வழக்கமொன்று நம்மிடையே உண்டு. வரி விதிக்க வருவோர் முதலிற் கண் வைக்கவேண்டிய இடம் அதுவே.