குழு என்பது ஒன்றா, பலரா?

'தி டீம் இஸ்' என்று எழுதுவதா, 'தி டீம் ஆர்' என்று எழுதுவதா? ஆங்கிலம் பயிலும் மாணவர் பலரும் ஒருமுறையேனும் தயங்கி நின்ற இடம் இது. அணி, குழு, குடும்பம், அரசு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலத் தொகுதிப் பெயர்கள் வடிவத்தால் ஒருமை. அவை சுட்டும் மாந்தரோ பலர். வினைமுற்று வடிவத்தைத் தழுவ வேண்டுமா, பொருளைத் தழுவ வேண்டுமா என்பதே சிக்கல். வடிவம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, பன்மை வினையைக் கண்டவிடமெல்லாம் சிவப்பு மையால் சுழிப்பது அம்மொழியின் இயல்புக்குப் பொருந்தாது.

அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமையையே நாடுகிறது. பிரித்தானிய வழக்கு இரண்டுக்கும் இடந்தருகிறது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியைப் பற்றி எழுதுவோர் 'இந்தியா ஆர்' என்பர். அதே இதழின் பொருளாதாரப் பக்கத்தில் 'இந்தியா இஸ்' என்று வரும். பெயர் ஒன்றே. ஆனால் முன்னதில் பதினொருவர் ஆடுகின்றனர். பின்னதில் ஒரு நாடு நிற்கிறது. இவ்விரண்டில் எதனையும் பிழை என்று தள்ள இயலாது. 'போலீஸ்' என்னும் சொல்லோ இரு நாட்டு வழக்கிலும் பன்மை வினையையே கொள்ளும்.

ஒரு நாட்டின் பெயரே இச்சிக்கலுக்கு உட்பட்டதுண்டு. 1787இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசமைப்பு, நாட்டுத் துரோகத்தை வரையறுக்குமிடத்தில் ஐக்கிய மாநிலங்களைப் பன்மைச் சுட்டால் குறிக்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்திலும் அப்பன்மை தொடர்கிறது. மாநிலங்கள் விரும்பியவாறு பிரிந்து செல்லலாமா என்பதும் வினாவாக நின்ற உள்நாட்டுப் போர் ஓய்ந்த ஆண்டும் அதுவே. போர் முடிந்தவுடன் 'ஆர்' மறைந்து 'இஸ்' வந்தது என்பர் சிலர். கேட்க இனிய கதைதான். உண்மை அவ்வளவு எளிதன்று. இருவழக்கும் நெடுங்காலம் உடன் நிலவிய பின்னரே ஒருமை நிலைபெற்றது. மாநிலங்களின் கூட்டு என்று எண்ணிய மக்கள், ஒரே நாடு என்று எண்ணப் பழகிய வரலாறு அச்சிறு வினைச்சொல்லில் பதிந்துள்ளது.

தமிழ் இச்சிக்கலை வேறுவகையில் தீர்த்துக்கொண்டது. விருந்து, குழு, அரசு உள்ளிட்ட பதினெட்டுச் சொற்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியக் கிளவியாக்கம், அவை உயர்திணைப் பொருளை உணர்த்தினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது. 'அரசு ஆணையிட்டது', 'குழு கூடியது' என்று இன்றும் எழுதுகிறோம். இங்கு மாறுவது எண் மட்டுமன்று, திணையும் மாறுகிறது. மாந்தர் பலர் கூடி 'அது' ஆகிவிடுகின்றனர்! மாந்தரைக் காட்ட விழைந்தால் 'குழுவினர் கூடினர்' என்று பெயரையே மாற்ற வேண்டும். ஆங்கிலம் பெயரைத் தொடாமல் வினையை மட்டும் மாற்றி அதனைச் செய்துகொள்கிறது.

அவ்வாய்ப்பை வீணாக்கலாகாது. ஒரு குழு ஒருமனதாக அறிக்கை அளித்தால் ஒருமை பொருந்தும். உறுப்பினர் பிளவுபட்டு நிற்கையில் ஒருமை வினை அப்பிளவை மறைக்கிறது; யார் உடன்பட்டார், யார் மறுத்தார் என்னும் வினாவே எழாமற் போகிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புவோர்க்கு 'குழு முடிவு செய்தது' என்பதைவிட வசதியான தொடர் கிடைப்பது அரிது.

இரண்டும் சரி எனில் விதி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு நூலில் ஃபவுலர் இருவகைக்கும் இடமளித்தார். ஒரே தொடரில் இரண்டையும் கலப்பதையே கண்டித்தார். 'தி கமிட்டி ஹேஸ்' என்று தொடங்கி 'தெயர்' என்று முடிப்பது கவனக்குறைவு. மதிப்பெண் குறைக்க வேண்டிய இடம் அதுவே.

பன்னிரு நடுவர் ஒரு வழக்கில் கருத்தொருமிக்க இயலவில்லை என்று கொள்வோம். 'தி ஜூரி' என்னும் எழுவாய்க்குப்பின் கோடிட்ட இடத்தில் 'வாஸ்' என்றே மாணவர் நிரப்ப வேண்டும் என்கிறது விடைக்குறிப்பு. 'வேர்' என்று எழுதிய மாணவரோ, தம்முள் உடன்படாத பன்னிருவரைக் கண்டிருக்கிறார்.