கவ்வக் கற்றுக்கொடுங்கள், கட்டிப்போடாதீர்கள்

லேப்ரடார் காவலுக்காக உருவான நாய் அல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு படகேறி, தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் தண்ணீரில் மிதக்கும் கயிற்றையும் நீந்திப்போய்க் கவ்விவந்த நாய்களின் வாரிசு அது. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை பிரிட்டனுக்குக் கொண்டுபோன பிரபுக்கள், சுட்டு வீழ்த்திய வாத்தைச் சேதமில்லாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இறகு கலையாமல் பறவையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் மென்மையான வாய்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குணம்.

அந்த நாயைத்தான் புதுச்சேரியில், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் கேட் ஓரத்திலும், வில்லியனூர், பாகூர் பக்கம் எழும்பியிருக்கும் புது வீடுகளின் போர்டிகோவிலும் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிறார்கள். மேலே தகரக் கூரை, பக்கத்தில் காய்ந்துபோன தண்ணீர்த் தட்டு. நாய் வாய்க்கு எட்டிய செருப்பைக் கடிக்கிறது, மிதியடியைக் கிழிக்கிறது, சங்கிலியையே மெல்லுகிறது. "ரொம்பச் சேட்டை" என்று சொல்லி சங்கிலியை இன்னும் குட்டையாக்குகிறார்கள். வாயால் வேலை செய்யவே வளர்க்கப்பட்ட ஒரு பிராணிக்கு வாய்க்கு வேலையே கொடுக்காவிட்டால் வேறு என்ன நடக்கும்?

இது வெறும் இரக்கத்தின் பேரில் எழும் கேள்வி அல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பதைக் கொடுமை என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராத உரிமையாளரும் அதே பிரிவின்கீழ் குற்றவாளி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்த வரி, நாய் வாங்கும் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

கட்டிப்போடுவதை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நல்லதொரு தொடக்கம் உண்டு. டம்மியை, அதாவது பயிற்சிக்கான துணி உருளையை, வாயில் வாங்கி, அசைக்காமல் வைத்திருந்து, கேட்டதும் கையில் கொடுக்கச் சொல்லித்தருவது. செலவு கிடையாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். நாயின் உடலைவிட மூளை களைக்கும் வேலை இது.

பெரும்பாலோர் தவறுவது முதல் அடியிலேயே. பந்தை வீசுகிறார்கள். நாய் பாய்ந்து எடுக்கிறது, பாதி வழியில் படுத்துக் குதறுகிறது, இல்லாவிட்டால் அதைக் கவ்விக்கொண்டு மாமரத்தைச் சுற்றி ஓட, வீட்டுக்காரர் பின்னால் ஓடுகிறார். துரத்த ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் நாய் கற்றுக்கொள்வது ஓடுவதை மட்டுமே. வீசுவது கடைசிப் பாடம். வாங்கிய பொருளோடு அமைதியாக இருப்பதுதான் முதல் பாடம். அது வரும்வரை டம்மி தரையில் உருளவே கூடாது. பயிற்சி முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும்.

கடையில் விற்கும் டம்மி கித்தான் துணியில் உருளையாகத் தைத்தது. வளர்ந்த நாய்க்கானது கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, துணி திணித்து, இரண்டு முனையையும் இறுக்கித் தைத்தால் அதே வேலையைச் செய்யும். தேங்காய் மட்டையை மட்டும் கொடுக்கக் கூடாது. நார் பிரிந்து தொண்டையில் சிக்கும், நாயும் அதைப் பிய்க்கத்தான் பழகும். வயதையும் பார்க்க வேண்டும். குட்டியின் 28 பால்பற்கள் நான்காம் மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். ஈறு வலிக்கும் அந்த நாட்களில் கவ்வச் சொன்னால், டம்மி என்றாலே வலி என்று நாய் நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவரை பொறுப்பதே நல்லது.

இனி பாடம். நாயை உட்காரவைத்துப் பக்கத்தில் மண்டியிட வேண்டும், எதிரே குனிந்து மிரட்டுவதுபோல் நிற்கக் கூடாது. டம்மியை மூக்குக்கு நேரே நீட்டினால் நாய் முகரும். உடனே ஒரு பாராட்டு, வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சின்னத் துண்டு. அடுத்து, பல் பட்டால்தான் ஈரல். அதற்கடுத்து, வாய் திறந்து வாங்கினால்தான். வாங்கும் கணத்தில் "பிடி" என்று மெதுவாகச் சொல்லி, கீழ்த்தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைக்க வேண்டும், வாயை மூடிப் பிடிப்பதற்காக அல்ல, தாங்குவதற்காக. அந்த விரல்களுக்கு எல்லாம் தெரியும். தாடை அசையாமல் இருக்கிறதா, நாக்கு டம்மியைத் தள்ளப் பார்க்கிறதா, மெல்லும் துடிப்பு எழுகிறதா என்று விரலே சொல்லிவிடும். துடிப்பு எழும் முன்பே "விடு" என்று வாங்கிவிடுவதில்தான் பயிற்சியாளரின் திறமை இருக்கிறது. முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று, பிறகு பத்து.

சரியான பிடி பார்த்ததும் தெரியும். டம்மியின் நடுப்பகுதி கோரைப் பற்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் சமமாக நீண்டிருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். ஒரு முனையைக் கவ்விக்கொண்டு மறுமுனை தொங்கினால், நடக்கும்போது நழுவும். நழுவுவதைத் தடுக்க நாய் அழுத்திக் கடிக்கும், அங்கேதான் மெல்லும் பழக்கம் பிறக்கிறது.

இரண்டு தவறுகள் எல்லா வீட்டிலும் நடக்கும். டம்மி வாயில் இருக்கும்போதே ஈரலைக் காட்டுவது ஒன்று. நாய் டம்மியைத் துப்பிவிட்டு ஈரலைப் பார்க்கும், துப்புவதற்குத்தான் கூலி என்று புரிந்துகொள்ளும். டம்மி மனிதர் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஈரல் பையிலிருந்து வெளியே வர வேண்டும். இன்னொன்று, கை நீண்டாலே பிடுங்கப் போகிறார்கள் என்று நாய் முன்கூட்டியே கீழே போடுவது. இதற்கு மருந்து, கையை நீட்டி டம்மியைத் தொட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வருவது. கழுத்தைத் தடவுவது, காதைச் சொறிவது, மறுபடி தொடுவது. கை வந்தால் பறிபோகும் என்ற பயம் போய்விடும்.

இந்தக் கடைசிப் பாடம்தான் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு மிக முக்கியம். 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி ஓர் உத்தரவும் 22ஆம் தேதி அதில் திருத்தமும் தந்தபோது நாடே விவாதித்தது. அந்தப் பேச்சில் வீட்டுநாய் அடிபடவே இல்லை. வீட்டுக்குள் நடக்கும் கடிகளில் ஒரு வகை எல்லோரும் அறிந்தது: நாய் வாயில் எதையோ வைத்திருக்கிறது, குழந்தை கையை நீட்டுகிறது. வாய்க்கு அருகே வரும் கையை நல்ல சேதியாக எண்ணப் பழகிய நாய் அந்த நேரத்தில் தலையைத் திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பொருளைக் காத்து உறுமும் நாய் இருந்தால் இதை வீட்டில் முயலக் கூடாது. கால்நடை மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

வலியைக் கொண்டு கற்றுத்தரும் முறையும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வேட்டைநாய்ப் பயிற்சியில் காதைக் கிள்ளி, வலியில் வாய் திறக்கும்போது டம்மியைத் திணிப்பார்கள். வாங்கியதும் கிள்ளலை விடுவார்கள். எந்தச் சூழலிலும் தவறாத நாய் வேண்டுமென்றால் இதுதான் வழி என்பது அவர்கள் வாதம். வேட்டைக்களத்துக்கான அந்தத் தேவை இங்கே இல்லவே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று, பறவை சுட்டு நாயை ஏவும் பொழுதுபோக்குக்கு இந்தியாவில் இடமில்லை. இல்லாத தேவைக்காக ஒரு நாயின் காதை நசுக்குவது கொடுமை அன்றி வேறில்லை. அவசரப்படும் பயிற்சியாளர் அந்த வழியைச் சொன்னால், நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

கவ்விப் பிடிக்கும் இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டனின் எண்டல் சாட்சி. வளைகுடாப் போரில் காயம்பட்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்த முன்னாள் கடற்படை வீரர் ஆலன் பார்ட்டனுக்கு உதவிய லேப்ரடார் அது. 2001இல் கார் மோதி அவர் நாற்காலியிலிருந்து விழுந்து நினைவிழந்தார். எண்டல் அவரைப் பாதுகாப்பாகச் சரித்துப் படுக்கவைத்தது, போர்வையை இழுத்துப் போர்த்தியது, காருக்கு அடியில் கிடந்த கைபேசியைக் கவ்விவந்து அவர் அருகில் வைத்தது, பிறகு பக்கத்து விடுதிக்கு ஓடிக் குரைத்து ஆளை வரவழைத்தது. உதவிநாய்கள் சாவியோ மருந்துப் புட்டியோ கைபேசியோ எடுத்துத் தருவதன் அடித்தளம், மெல்லாமல் பிடித்திருக்கும் இந்தப் பிடிதான்.

லேப்ரடாருக்கு மட்டுமா இது? ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட நாய்கள். கொண்டுவந்து கொடுப்பது அவற்றுக்கு எளிதில் வராது, அதனால் ஈரல் கூடுதலாகச் செலவாகும், பொறுமை இன்னும் கூடுதலாக. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுநாயும் கற்கும், பல நேரங்களில் விரைவாகவே.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேதராப்பட்டுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் ஊசுட்டேரி, 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த நீர்நிலை. தண்ணீரைக் கண்டால் பாயும் லேப்ரடாரையும் வீசி எறியும் டம்மியையும் அந்தக் கரைக்குக் கொண்டுபோகவே கூடாது. குளிர்காலத்தில் வலசை வந்து இறங்கும் வாத்துகளுக்கு, விளையாட்டுக்குத் துரத்தும் நாயும் வேட்டைநாயும் ஒன்றே. வீட்டு மாடி, தொழிற்கூடத்தின் காலி இடம், அறுவடை முடிந்த வயல் எதுவும் போதும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரட்டை ரோமம் போர்த்திய லேப்ரடார் வெயிலில் சுருண்டுவிடும்.

அரசும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக்குக் குரும்பாபேட்டில் சொந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அதையொட்டி ஊசி போட நாயைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் வீட்டுக்காரர்களும் தொழிற்கூடக் காவலாளிகளும் எப்படியும் அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த அரை மணியில், பயிற்சி பெற்ற ஒரு நாயையும் ஜீன்ஸ் துணி டம்மி ஒன்றையும் வைத்து, எப்படிப் பிடிக்கச் சொல்வது, எப்படி வாங்குவது என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் செய்துகாட்டலாம். சேதராப்பட்டிலிருந்தே தொடங்கலாம்.