மொட்டைமாடி அறைக்கு அனுமதி எதற்கு?

சென்னை அசோக் நகரில் எங்கள் வீடு ஐம்பது ஆண்டுகளைக் கடந்த தனி வீடு. மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும் மொட்டைமாடியில் குளியலறையுடன் ஓர் அறை கட்டலாம் என்று முடிவெடுத்தோம். மேஸ்திரி ஒரே நாளில் மதிப்பீடு கொடுத்துவிட்டார். அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டேன். "ஒரு ரூம்தானே சார்! இந்தத் தெருவுல யாரு வாங்கியிருக்காங்க?" என்றார். மறுத்துப் பேச என்னிடம் சான்று எதுவும் இல்லை.

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இந்த உரையாடல் அன்றாடம் நடக்கிறது. வெள்ளையடிப்பதும் அனுமதியின்றி நடக்கிறது; இன்னொரு தளம் எழுப்புவதும் அனுமதியின்றி நடக்கிறது. இரண்டுக்கும் இடையே சட்டம் போட்டிருக்கும் கோடு எது என்பது வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை, மேஸ்திரிக்கும் தெரிவதில்லை.

அந்தக் கோடு அவ்வளவு சிக்கலானதும் அன்று. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, வண்ணம் பூசுதல், பூச்சு வேலை, தரை ஓடு மாற்றுதல், உள்ளே தடுப்பு அமைத்தல் போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை. அறை சேர்த்தல், தளம் எழுப்புதல், வாகன நிறுத்துமிடத்தைக் கடையாக மாற்றுதல் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். கட்டடத்தின் பரப்போ, உயரமோ, பயன்பாடோ, பக்கத்து வீட்டுக்கான இடைவெளியோ மாறினால் அது பராமரிப்பு ஆகாது, கட்டுமானம். செலவு எவ்வளவு என்பது இதில் அளவுகோலே இல்லை. பல லட்சம் ரூபாய்க்குப் பளிங்குத் தரை போடுபவருக்கு அனுமதி வேண்டாம். சில செங்கற்களை அடுக்கிக் கொல்லைப்புறத்தில் கழிப்பறை கட்டுபவருக்கு வேண்டும்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அதே விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. அதாவது, ஒரு கிரவுண்ட் மனையில், பக்க இடைவெளி உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 4,800 சதுர அடி வரை கட்ட இடமுண்டு. பழைய தனி வீடுகள் பெரும்பாலும் இதில் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. முறையாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றைத்தான் பலர் முறைகேடாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் கேட்பதில்லை? அலைச்சல், செலவு, தாமதம் என்ற வழக்கமான பதில்களுக்கு அப்பால் ஒரு காரணம் இருப்பதை என் வீட்டிலேயே கண்டேன். விண்ணப்பிப்பதற்காகப் பழைய வரைபடத்தைத் தேடியபோது அது அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்தது. வரைபடத்தில் இல்லாத ஒரு குளியலறையும் வெளிப்புற மாடிப்படியும் வீட்டில் இருந்தன. அப்பா கட்டியவை. இப்போது நான் அனுமதி கேட்டுப் போனால், புதிய அறையைப் பற்றிய கேள்விக்கு முன்பாகப் பழைய குளியலறையைப் பற்றிய கேள்வி வரும். கேட்காமல் கட்டிய அண்டை வீட்டாருக்கு அந்தச் சங்கடமே இல்லை. நேர்மையாகக் கேட்பவர் மட்டுமே மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

அரசே இந்த மனநிலையை வளர்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தது. 'ஒரே ஒரு முறை' என்று தொடங்கிய அந்தச் சலுகை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு மீண்டும் வாய்ப்பு. பொறுத்திருந்தால் மன்னிப்பு வரும் என்ற பாடத்தைச் சென்னை மக்கள் இப்படித்தான் கற்றார்கள்.

ஆனால், கட்டணத்தால் வரன்முறைப்படுத்த முடியாத ஒன்று இருக்கிறது, அது பாரம். எங்கள் வீட்டைப் பார்வையிட்ட கட்டமைப்புப் பொறியாளர் முதலில் தேடியது தூண்களை. தூண்களே இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்தாம் மேல்தளத்தைத் தாங்குகின்றன. "இந்தச் சுவர்களில் எதையும் எடுக்காதீர்கள், மேலே எதையும் ஏற்றும் முன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும்" என்றார். அந்தத் தோண்டல் மேஸ்திரியின் மதிப்பீட்டில் இல்லை.

2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். கீழ்த்தளத்தில் நடந்த மாற்றப் பணிகளின்போது கட்டடத்தைத் தாங்கிய பகுதிகளில் கை வைத்ததே காரணம் என்பது குற்றச்சாட்டு. சுவரை எடுத்தவர் ஒருவர். மேலே உறங்கியவர்கள் வேறு பலர். 'என் வீடு, என் விருப்பம்' என்ற வாதம் அடுக்குமாடிகளில் எடுபடாமல் போவது இதனால்தான்.

அனுமதித் தாள் இருந்தால் மட்டும் கட்டடம் நின்றுவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடம் சி.எம்.டி.ஏ. ஒப்புதல் பெற்றதுதான். தாளைச் சரிபார்த்தால் போதாது, பாரத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெற வேண்டிய பாடம். அனுமதியே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். வரவேற்கத்தக்க சீர்திருத்தம். ஆனால், அது முதன்மையாகக் காலி மனையில் புது வீடு கட்டுபவரை மனத்தில் கொண்டது. அசோக் நகரிலும் மயிலாப்பூரிலும் காலி மனை எங்கே இருக்கிறது? இங்கே இருப்பவை பழைய வீடுகள், வளரும் குடும்பங்கள், படியேற முடியாத முதியவர்கள்.

ஆகவே, பழைய வீடுகளின் மாற்றப் பணிகளுக்கென்றே எளிய வழி ஒன்று தேவை. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற பட்டியல் எளிய தமிழில் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். கூடுதல் அறைக்கான விண்ணப்பத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் நேரடி ஆய்வறிக்கையே மைய ஆவணமாக வேண்டும். தானாக முன்வந்து பழைய விதிமீறலைத் தெரிவிப்பவரின் கட்டடத்தில், பாரத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் பாதிப்பில்லாத பகுதிகளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலே செல்ல வழி வேண்டும். பாதிப்புள்ளவற்றில் சலுகை கூடாது.

காலமும் மாறுகிறது. கட்டடத்துக்கான நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பின்பே வங்கிகள் கடன் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் கூறியது. தமிழகத்தில் சிறு குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அப்படியானால், அத்தகைய வீட்டை விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் அனுமதி பெற்ற வரைபடமே முக்கியச் சாட்சியாக நிற்கும். சொத்து வரி ரசீது அந்த இடத்தை நிரப்பாது.

எங்கள் வீட்டில் இன்னும் அறை எழவில்லை. அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கும் வேலை அடுத்த வாரம். அப்பா கட்டிய குளியலறையையும் மாடிப்படியையும் சேர்த்துப் புதிய வரைபடம் தயாராகிறது. மகனும் மருமகளும் இப்போதைக்குக் கீழ் அறையில் இருப்பார்கள். நானும் மனைவியும் கூடத்துக்கு மாறுகிறோம். 'ஒரு ரூம்தானே' என்று மேஸ்திரி சொன்னது சரிதான். ஆனால், அந்த அறையின் அடியில் நாங்கள் உறங்கப்போகிறோம்.