மடிக்கணினி விலை ஏறியது ஏன்? குறைந்த பணத்தில் நல்லது வாங்குவது எப்படி?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ஒரு காலத்தில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் போதும். இப்பொழுது மடிக்கணினி வேண்டியிருக்கிறது. 'லேப்டாப்' என்று சொல்லுகிறார்களே, அதுதான். பாடம் படிப்பது அதில். பரீட்சைக்கு மனுப் போடுவது அதில். வேலைக்கு விண்ணப்பிப்பதும் அதில்தான்.

பல குடும்பங்களுக்கு அதன் விலை இரண்டு, மூன்று மாதச் சம்பளம். நகையை அடகு வைத்து வாங்குவோரும் உண்டு. தவறான யந்திரத்தை வாங்கிவிட்டால், மறுபடி வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? பிள்ளையின் படிப்பு அல்லவா தடைப்படும்!

2025-ம் ஆண்டில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. நடந்தது வெளிநாட்டில். ஆனால், அவற்றின் பாதிப்பு தமிழ்நாட்டுக் கடைத்தெரு வரை வந்துவிட்டது.

விண்டோசுக்கு விடை

முதல் சம்பவம் 2025 அக்டோபர் 14-ந் தேதி நடந்தது. கணினியை இயக்கும் 'விண்டோஸ் 10' என்ற ஏற்பாட்டுக்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி அன்று நிறுத்திக் கொண்டது. பதிவு செய்து கொண்டவர்களுக்கு மாத்திரம் 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தது.

பாதுகாப்பு இல்லாத கணினி, பூட்டு இல்லாத வீடு போன்றது. யந்திரம் ஓடும். ஆனால், திருடன் நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. பாங்குக் கணக்கைப் பார்க்கும் யந்திரத்தில் இது பெரிய ஆபத்து.

புதிய 'விண்டோஸ் 11'-ஐ ஏற்றிக் கொள்ளலாமே என்று கேட்கலாம். எல்லா யந்திரத்திலும் முறைப்படி ஏற்ற முடியாது. இன்டெல் கம்பெனியின் மூளை உள்ள கணினி என்றால், பெரும்பாலும் அது 8-வது தலைமுறையாக இருக்க வேண்டும். அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்திய யந்திரங்கள் பழைய சாமான் ஆகிவிட்டன. அவை துடைத்து மெருகேற்றப்பட்டு, மலிவு விலையில் விற்பனைக்கு வருகின்றன. ஏமாறுவது இங்கேதான்.

நினைவகப் பஞ்சம்

இரண்டாவது சம்பவம், நினைவகத் தட்டுப்பாடு. கணினி வேலை செய்யும்பொழுது விஷயங்களை எடுத்து வைத்துக் கொள்ளும் இடத்துக்கு 'ராம்' என்று பெயர். உலகத்தின் ராமில் பெரும் பகுதியைச் செய்வது மூன்று கம்பெனிகள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான்.

செயற்கை அறிவு யந்திரங்களுக்காகப் பெரிய பெரிய கணினி நிலையங்கள் கட்டப்படுகின்றன. அவற்றுக்கு ஏராளமான நினைவகம் தேவை. நல்ல விலையும் கிடைக்கிறது. ஆகவே, கம்பெனிகள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. மாவு ஒரு பாத்திரந்தான். கலியாண வீட்டுக்கு இட்லி ஊற்றிவிட்டால், வீட்டுப் பிள்ளைக்குத் தோசை ஏது?

2025 கடைசியில் ராம் விலை கிடுகிடு என்று ஏறியது. பொதுமக்களுக்கு 'குருசியல்' என்ற பெயரில் விற்றுவந்த நினைவகத்தை இனி விற்கப் போவதில்லை என்று, அந்த டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. புதிய தொழிற்சாலை கட்ட ஆண்டுக் கணக்கில் ஆகும். ஆகவே, 'அடுத்த மாதம் விலை இறங்கிவிடும்' என்று நம்பிக் காத்திருப்பதில் பயன் இல்லை.

மடிக்கணினி செய்வோருக்கு இதில் இரண்டு வழி உண்டு. விலையை ஏற்றுவது ஒன்று. விலையை அப்படியே வைத்து, உள்ளே இருக்கும் ராமைக் குறைப்பது மற்றொன்று. பிஸ்கட் பாக்கெட் விலை மாறாமல் எடை மாத்திரம் குறைவது போல! விலை ஏறினால் கண்ணுக்குத் தெரியும். சரக்குக் குறைந்தால், கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கடையில் முதலில் கேட்க வேண்டியது, "ராம் எவ்வளவு?" விண்டோஸ் 11 ஓடுவதற்கே குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். வேலையும் செய்ய வேண்டுமானால் 8 ஜி.பி. இருப்பது நல்லது. "பின்னால் கூட்டிக் கொள்ள இடம் இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். சிலவற்றில் ராமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அதைக் கூட்ட முடியாது.

இரண்டாவது, "சேமிப்பு எது?" 'எஸ்.எஸ்.டி.' என்றால் வேகம். மிக மலிவான யந்திரங்களில் 'இ.எம்.எம்.சி.' என்று ஒன்று இருக்கும். அது மெதுவானது. அளவும் பெரும்பாலும் குறைவு. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் மாணவருக்குப் போதும்.

மூன்றாவது, மூளையின் நம்பர். 'ஐ-5' என்று பெயர் ஒட்டியிருந்தால் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் உள்ள நம்பரைப் பார்க்க வேண்டும். 'ஐ-5 6300யூ' என்றால் 6-வது தலைமுறை. 'ஐ-3 1215யூ' என்றால் 12-வது தலைமுறை. முதலாவதில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது, இரண்டாவதில் ஏற்றலாம். பெயரில் சின்னதாகத் தோன்றும் ஐ-3தான் இங்கே கெட்டிக்காரன்!

நான்காவது, "பழுது பார்க்கும் நிலையம் எங்கே?" மாவட்டத் தலைநகரில் நிலையம் உள்ள கம்பெனி என்றால், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் யோசிக்கலாம். யந்திரம் கெட்டால் சென்னைக்கு அலைய வேண்டாம்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். பெரிய ஆபீசுகள் சில ஆண்டு உபயோகித்துக் கழிக்கும் யந்திரங்கள் உறுதியானவை. 8-வது தலைமுறைக்குப் பிந்தியதா என்று பார்க்க வேண்டும். பாட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துக் கட்டைகள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். ரசீதும், எழுத்து மூலம் உத்தரவாதமும் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. தகராறு வந்தால் அந்தக் காகிதந்தான் சாட்சி. 1915 என்ற நம்பருக்குப் பேசினால், தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தில் புகார் சொல்லலாம்.

வீட்டில் ஏற்கெனவே பழைய யந்திரம் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் 'லினக்ஸ்' ஏற்பாட்டை அதில் ஏற்றலாம். கேரள சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். கல்லூரிப் பாடத்துக்கு விண்டோஸ் கட்டாயமா என்று ஆசிரியரைக் கேட்டுக் கொள்வது நல்லது.

சர்க்கார் கொடுப்பது

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டம் 2011-ல் தொடங்கியது. இடையில் நின்றது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள். ஆகவே, கடன் வாங்குவதற்கு முன்னால், பிள்ளைக்கு அது கிடைக்குமா என்று கல்லூரியில் விசாரிக்க வேண்டும்.

கிடைக்காது என்று தெரிந்தால், மேலே சொன்ன கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக் கொண்டு கடைக்குப் போகலாம். பளபளப்பைக் காட்டி விற்பவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டலாம். பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த கடைக்கு நடப்பதே நல்லது.