மாவு அரைத்த காற்றாலை வீடு ஆனது!

காற்றாலை என்றதும் நமக்கு ஆரல்வாய்மொழி நினைவுக்கு வரும். அங்கே காற்று மின்சாரம் தருகிறது. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் காற்று மாவு அரைத்தது. பிறகு நீராவி மில்கள் வந்தன. காற்றாலைகளுக்கு வேலை போயிற்று.

சும்மா நின்ற ஆலைகளை வசதி படைத்த சிலர் வாங்கினார்கள். வீடாக மாற்றிக் குடியேறினார்கள்.

அங்கே வாழ்வது சுலபம் அல்ல. சுவர் வட்டமாக இருக்கும். பீரோவை எங்கே சாய்த்து வைப்பது? சமையல் கீழே, படுக்கை மேலே. நாள் முழுவதும் படி ஏறவேண்டும். ஆனால், ஜன்னலைத் திறந்தால் ஊரே தெரியும். அதற்காகத்தான் வாங்குகிறார்கள்!

ஜாக்கும் ஜில்லும்

இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்கு வடக்கே கிளேட்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரே குன்றில் இரண்டு ஆலைகள். பெயர் ஜாக், ஜில். குழந்தைப் பாட்டில் வரும் அதே பெயர்கள்!

ஜில் மரத்தால் ஆனது. 1821-ல் பிரைட்டனில் கட்டப்பட்டது. 1852-ல் மாடுகளையும் குதிரைகளையும் பூட்டி, குன்றுக்கு இழுத்து வந்தார்கள். ஜாக் செங்கல் கோபுரம். 1866-ல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் ஓய்ந்தன.

பிறகு வழி பிரிந்தது. ஜாக் வீடு ஆயிற்று. 1974-ல் வெளிவந்த 'கறுப்புக் காற்றாலை' என்ற சினிமாவிலும் தலைகாட்டியது. ஜில்லைத் தொண்டர்கள் பழுது பார்த்தார்கள். 1986-ல் மீண்டும் மாவு விழுந்தது. மறு ஆண்டு அக்டோபரில் பெரும்புயல்! பிரேக் போட்டிருந்தும் இறக்கைகள் சுழன்றன. உரசலில் தீப்பிடித்தது. தொண்டர்கள்தான் காப்பாற்றினார்கள்.

எது மேல்?

ஆள் குடியிருந்தால் சுவர் இடியாது. கூரை ஒழுகாது. அது லாபம்தான். ஆனால் வீடாக மாறும்போது திரிகைக் கல்லும் பல்சக்கரமும் பெரும்பாலும் வெளியே போய்விடுகின்றன. மிஞ்சுவது ஆலையின் சட்டை மட்டுமே. பழைய ஆலையை மாற்ற அனுமதி கேட்டு வருகிறவரிடம், "திரிகையை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அதிகாரிகள் முதலில் கேட்கவேண்டும்.

இரண்டையும் காக்க முடியாதா? முடியும். நெதர்லாந்தில் கிண்டர்டைக் என்ற இடத்தில் 19 காற்றாலைகள் நிற்கின்றன. 1997-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவை மாவு அரைத்தவை அல்ல. தாழ்ந்த நிலத்திலிருந்து தண்ணீர் இறைத்தவை. இன்று அந்த வேலையைப் பெரிய பம்புகள் செய்கின்றன. ஆனாலும் ஆலைகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. காற்று வந்தால், குடியிருப்பவர்களே இறக்கைகளை அவிழ்த்து ஓட்டுகிறார்கள்.