சிவப்பு வரியைப் பிள்ளைகள் வாசிக்கட்டும்

பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கின்றன. ஒரு வலைப்பக்கம் செய்ய அது போதும். ஆனால், பிள்ளைகள் பலர் புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, செய்முறைத் தேர்வில் அப்படியே அடிக்கிறார்கள். பிழை வந்தால் கை தூக்குகிறார்கள். ஆசிரியர் கீபோர்டை வாங்கித் திருத்திக் கொடுத்துவிடுகிறார். பாடம் நடக்க வேண்டிய இடமே அந்தப் பிழைதான் என்பது, லேபில் நிற்கிற ஆசிரியையாக என் உறுதியான கருத்து.

எச்டிஎம்எல் நிறையப் பொறுத்துக்கொள்ளும். மூடும் டேகை மறந்தாலும் பிரவுசர் யூகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். டேகைப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சிறிய எழுத்தில் அடித்தாலும் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. பக்கத்தின் ஒரு பகுதியை எடுத்துத் தரும் 'கெட்எலிமென்ட்பைஐடி' என்ற ஃபங்ஷனின் பெயரில் கடைசி 'டி' சிறிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு மாணவி பெரிய எழுத்தில் அடித்துவிடுவாள். பக்கம் அழகாக வரும், பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காது. "சிஸ்டம் சரியில்ல மிஸ்" என்பாள்.

நான் கீபோர்டைத் தொடமாட்டேன். எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறக்கச் சொல்வேன். 'நாட் எ ஃபங்ஷன்' என்று சிவப்பில் ஒரு செய்தி, பக்கத்தில் வரி எண். அதை அவள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அந்த வரிக்கு அவளே போக வேண்டும். ஒரு பீரியடே போனாலும் போகட்டும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். அடிக்கடி வருகிற செய்திகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. 'நாட் டிஃபைண்டு' என்றால் அப்படியொரு பெயரையே நீ அறிவிக்கவில்லை. 'அன்டிஃபைண்டு' என்றால் பெயர் இருக்கிறது, மதிப்பு கொடுக்கப்படவில்லை. இவற்றைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்து, அழிக்காமல் விட்டாலே பயம் போய்விடும்.

ஏஐ எழுதித் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஏஐ தருகிற புரோகிராமிலும் பிழை இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஏஐ வேலைக்காரன்.

பள்ளிக் கல்வித் துறையிடம் ஒன்று கேட்கிறேன். செய்முறைத் தேர்வில் ஒரு கேள்விக்கு, வேலை செய்யாத பக்கமொன்றைக் கொடுங்கள். பிழை எந்த வரியில், ஏன் வந்தது என்று எழுதிவிட்டு மாணவர் சரிசெய்யட்டும். இதற்கு இன்டர்நெட்கூட வேண்டாம். நோட்பேடும் பிரவுசரும் போதும்.