பிரயாணப் பக்கம்: அலாஸ்கா சாலைக்குப் புறப்படுமுன்



கோடை விடுமுறையில் பே ஏரியாவிலிருந்து காரிலேயே அலாஸ்கா போய்வர உத்தேசிக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்.

அலாஸ்கா நெடுஞ்சாலை கனடாவின் டாசன் க்ரீக்கில் தொடங்கி, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறக்குறைய 1,390 மைல் நீள்கிறது. யுத்த காலத்தில், 1942-ல், அமெரிக்க ராணுவத்தினர் எட்டே மாதத்தில் காட்டை வெட்டிப் போட்ட பாதை இது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினச் சிப்பாய்கள்.

முதல் ஏற்பாடு காகிதங்கள். வழியில் பெரும்பகுதி கனடா. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள், கிரீன் கார்டு இல்லாவிட்டால், கனடா விசா வாங்கியாக வேண்டும். கார்டு உள்ளவர்களும் பாஸ்போர்ட்டைக் கூடவே எடுத்துச் செல்லவும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் சற்று நிதானிக்கவும். போகையில் ஒரு தடவை, வருகையில் ஒரு தடவை கனடாவுக்குள் நுழைய வேண்டும், அமெரிக்காவுக்குள்ளும் அப்படியே. விசா அதற்கு இடம் தருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எல்லையில் வயதானவர்களைத் தவிக்கவிடக் கூடாது.

அடுத்தது பெட்ரோல். பாதி டாங்க் ஆனதுமே நிரப்பிக்கொள்ளுங்கள். பல இடங்களில் செல்போன் எடுக்காது. உபரி டயர் அவசியம்.

சைவச் சாப்பாடு வழியில் அபூர்வம். புளிக்காய்ச்சலும் அவலும் கைகொடுக்கும். ஆனால் கூடாரத்தில் வைக்காதீர்கள். கரடிக்கு மோப்பம் அதிகம். காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

வாட்சன் லேக்கில், 1942-ல், வீட்டு ஏக்கத்தில் ஒரு சிப்பாய் தன் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி நட்டார். இன்று அங்கே பல்லாயிரம் ஊர்ப் பலகைகள். உங்கள் ஊர்ப் பெயரையும் தமிழில் எழுதி, ஆணி சுத்தியலோடு எடுத்துப் போங்கள்.